இவ்வளவு உயரமா?

தூடா நிமிர்ந்து பார்த்தாள். “இவ்வளவு உயரமா? என்னால முடியாதுண்ணே.”

“யோசிக்காதே தூடா, ஏறு,” என்றான் அண்ணன் பீஹி.

இம்ஸுவான் கடற்கரையே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் அலைகள் இரைந்தன.

“ஈரத்துல வழுக்குதே! பிடிச்சுக்க ஒண்ணுமே இல்ல. விழுந்தா இருக்கற காலும் போயிடும்.”

“அல்லா இருக்கான், நானும் இருக்கேன். கையைக் குடு.”

நீட்டிய கையை நகம் பதியப் பற்றினாள். ஒலிபெருக்கி மூன்றாவது முறையாக அவள் பெயரைக் கூவியது.

“வேணாம்ணே! கோப்பையை இங்கேயே கொண்டாந்து குடுக்கச் சொல்லு!”

சற்றுமுன் இரண்டாள் உயர அலையில் ஒற்றைக்காலோடு சீறி வந்து, மாற்றுத்திறனாளிகளுக்கான அலைச்சறுக்குப் போட்டியில் முதலிடம் பிடித்தவள், பரிசு மேடையின் முதல் படிக்குக் கீழே அசையாமல் நின்றாள்.

பீஹி பல்லைக் கடித்தான். “இந்த மேடையைப் போட்டவனுக்கு ரெண்டு காலும் இருக்கும்போல!”