முடிக்கக் கூடாத படிப்பு

"உணவுப் பொறியியலா? இத்தனை வருஷம் தூணும் பாலமும் படிச்சுட்டு, இனிமே தக்காளிச் சாறை டப்பாவுல அடைக்கப் போறியா?" நண்பன் ஃபிராஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

நவ்ரஸ் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். துறை மாறக் காரணம் கேட்டிருந்த இடத்தில், 'சிறு வயதிலிருந்தே உணவுப் பொருட்களில் ஆர்வம்' என்று அழகான கையெழுத்தில் எழுதினான்.

"ஆர்வமா? உனக்கு முட்டை அவிக்கத் தெரியுமாடா?"

"தெரியாது. கத்துக்கத்தான் மூணு வருஷம் இருக்கே."

அந்த மூன்று வருடம்தான் விஷயமே. யுத்த காலத்துச் சிரியாவின் ஹோம்ஸ் நகரில், படிப்பு முடிந்துவிடுமோ என்று பிள்ளைகள் பயந்தார்கள். பட்டம் கைக்கு வந்தால் பின்னாலேயே பட்டாளத்திலிருந்து அழைப்பும் வந்துவிடும். போனவன் எப்போது திரும்புவான் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் கெட்டிக்காரப் பிள்ளைகளெல்லாம் வேண்டுமென்றே தோற்றார்கள். கட்டடப் பொறியியலில் முதல் மாணவனான நவ்ரஸ், கடைசி ஒரு பாடத்தில் மட்டும் மூன்று முறை வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். நான்காம் முறையும் கொடுத்தால் கல்லூரியிலிருந்தே பெயரை அடித்துவிடுவார்கள். துறை மாறுவதைத் தவிர வேறு வழி இல்லை.

"உனக்கென்ன, நீ சிரிப்பே" என்றான் நவ்ரஸ்.

"நான் என்னடா பண்றது? எங்கம்மா என்னைப் பெத்துட்டு அப்புறம் வரிசையா அஞ்சு பொண்ணாப் பெத்தா. வீட்டுக்கு ஒரே ஆம்பளப் புள்ளைன்னா பட்டாளம் தொடாது. தினமும் அம்மா கையில முத்தம் குடுத்துட்டுத்தான் வெளியவே வர்றேன்."

அன்றுதான் கடைசி நாள். இரண்டு மணிக்குள் விண்ணப்பத்தைக் கொடுத்தாக வேண்டும். ஒட்டுவதற்குப் புகைப்படம் வீட்டில் இருந்தது. நவ்ரஸ் நடந்தான்.

வழியெல்லாம் இடிந்த வீடுகள். எந்தத் தூண் தேறும், எதை முழுதாக இடித்துவிட்டுக் கட்ட வேண்டும் என்று அவன் கண் தானாக அளந்துகொண்டே வந்தது. இதற்காகத்தான் அவன் படித்தான். இப்போது அதைத்தான் விட்டுவிடப் போகிறான்.

வீடும் நிம்மதி தரும் இடமில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு காலையில் ரொட்டி வாங்கப் போன அண்ணன் மாஸின் திரும்பி வரவில்லை. ஆளும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அன்று போக வேண்டியது நவ்ரஸின் முறை. பரீட்சை இருக்கிறது என்று அண்ணனைக் கெஞ்சி அனுப்பியவன் அவன்தான். இன்றைக்கும் மாடிப்படியில் யார் காலடி கேட்டாலும் அவனுக்கு முதுகு சில்லிட்டுப் போகும்.

அம்மா வெள்ளிக்கிழமைதோறும் மாஸினின் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள். மூன்று வேளையும் அவனுக்கு ஒரு தட்டு வைத்தாள். ஒருமுறை பெரியம்மா வாய் தவறி, "அல்லாஹ் அவனுக்கு ரஹ்மத் செய்யட்டும்" என்று இறந்தவர்களுக்குச் சொல்வதைச் சொல்லிவிட்டாள். அம்மா அவள் கையிலிருந்த காபிக் கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு, "எந்திரிச்சுப் போ" என்றாள். கூடப் பிறந்த அக்காவுக்கே இந்த மரியாதை என்றால், மற்றவர்கள் வாயைத் திறப்பார்களா?

தெருமுனையில் திரும்பியபோது அம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். விசேஷத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டு போட்டிருந்தாள்.

"உம்மு மாஸின்! ஏ, உம்மு மாஸின்! காலையிலேர்ந்து ஆளையே காணோமே, எங்க போயிட்டே?" எதிர்வீட்டுக்காரி பால்கனியிலிருந்து கூப்பிட்டாள். மூத்தவன் பிறந்த நாளிலிருந்து தெருவுக்கு அவள் மாஸினின் தாய்தான். சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. காதில் விழவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு நவ்ரஸ் பின்னாலேயே படியேறினான்.

"போட்டோ எடுக்க வந்தேம்மா. ரெண்டு மணிக்குள்ள குடுக்கணும்."

"குடுத்தா?"

"மூணு வருஷம் கிடைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் வேற துறை. தாடி நரைக்கிற வரைக்கும் படிச்சுக்கிட்டே இருக்கேன்." அவன் சிரிக்கப் பார்த்தான்.

அம்மா விண்ணப்பத்தைக் கையில் வாங்கினாள். ஒரு வரி கூடப் படிக்காமல் நாலாகக் கிழித்துப் போட்டாள்.

"அம்மா! பைத்தியமா உனக்கு?"

"அந்தக் கடைசிப் பரீட்சையை ஒழுங்கா எழுது. பட்டத்தை வாங்கு. போய் வீடு கட்டு."

"வாங்கின மறுமாசமே என்னை இழுத்துட்டுப் போயிடுவாங்க! ஒருத்தனைத் தொலைச்சது போதாதா உனக்கு?"

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஆனால் அம்மா கத்தவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உன்னைக் கூப்பிட மாட்டாங்க. நீதிமன்றத்துக்குப் போயிட்டு வர்றேன். குர்ஆன்மேல கை வச்சு ஒரு பொய் சொன்னேன்டா. அது பொய்யாவே இருக்கணும் அல்லாஹ்வேன்னு வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தேன்."

"என்னம்மா சொன்னே?"

பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கு நீ ஒரே புள்ளைன்னு."