பதில் சொல்லாத போன்

அன்று கொட்டகலை போன் கடையில் இருந்தவர்கள் மூவர்: போன் திருத்தும் ஜனார்த்தனன், பலசரக்குக் கடை முதலாளி சுப்பிரமணியம், பார்வை இழந்த அவர் மனைவி பூரணி.

"கூப்பிட்டா பதிலே சொல்ல மாட்டேங்குது தம்பி. முன்னெல்லாம் 'கோசலாவுக்கு எடு'ன்னா ஒடனே எடுக்கும். இவரு கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போயிட்டு வந்ததுலேர்ந்து ஊமையாயிருச்சு," என்றார் பூரணி.

ஜனார்த்தனன் மைக்கைச் சோதித்தான். டேட்டாவும் இருந்தது. செட்டிங்ஸைத் திறந்தான்.

"பழுது ஒண்ணுமில்லங்கம்மா. குரல் கேக்குறத யாரோ நிப்பாட்டி வச்சிருக்காங்க. கோசலாங்கிற நம்பரும் இதுல இல்ல."

பூரணி கணவர் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நீங்கதானா? மக இஷ்டப்பட்டவனக் கட்டி ஆறு வருசமாச்சு. இன்னுமா கோவம்?"

"ஆமா. என் வீட்டு போன்ல அவ பேரு இருக்கக் கூடாது," என்றார் சுப்பிரமணியம்.

"நீங்க மனுசனே இல்லங்க."

பூரணி சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"பெத்த புள்ளைங்க முதலாளி. அந்தம்மாவாவது பேசிட்டுப் போகட்டுமே," என்றான் ஜனார்த்தனன்.

சுப்பிரமணியம் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். வாசலில் மனைவியின் கையைப் பிடித்தார். பூரணி உதறினார்.

சுப்பிரமணியம் மகளைத் தலைமுழுகிவிட்டார் என்று கடைவீதியில் இன்றும் பேசுகிறார்கள். அது பொய். பூரணியின் இருதயம் எந்த அதிர்ச்சியையும் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுப்பிரமணியம் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகவில்லை. கோசலாவின் பாடைக்குத் தோள் கொடுக்கப் போனார்.