லிஃப்ட் கச்சேரி

“இன்னைக்குச் சத்தம் ஒரு மாதிரியா இருக்கேங்க. மெக்கானிக்கைக் கூப்பிடவா?” என்றாள் மனைவி.

“கச்சேரி நடுவுல ரிப்பேர்காரனைக் கூப்பிடுவாங்களா? பேசாம உட்காரு” என்றார் கணவர். இயந்திர நாத சபாவின் தலைவர் அவர்.

ஐந்தாவது மாடியில், லிஃப்ட் கதவுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் சபாவினர் கண்மூடி அமர்ந்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் ஏறி இறங்கும்போது அந்தக் கிழட்டு லிஃப்ட் போடும் சத்தம்தான் வாராவாரம் கச்சேரி. சபாவினர் மட்டும் மூச்சிரைக்கப் படியேறித்தான் வருவார்கள். வாத்தியத்தின் மீது கால் வைக்கலாமா? நடுவில் அபஸ்வரமாக அலறுகிறது என்று அபாய மணியைக்கூடத் தலைவர் போன வாரம் கழற்றி வைத்துவிட்டார்.

அந்தக் கச்சேரிக்கு இப்போது ஆபத்து. பழைய லிஃப்டைத் தூக்கிவிட்டுப் புதிது போடக் குடியிருப்போர் சங்கம் துடித்தது. பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதும் பெரிய மனிதர் வந்து கேட்டு, ஒரு நல்ல வார்த்தை சொன்னால் விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அவரைத்தான் இன்னும் காணோம். கீழே போய்ப் பார்த்துவிட்டு வருவதாக எழுந்த செயலாளரைத் தலைவர் கையமர்த்தினார். இப்படியொரு வாசிப்பின்போது எழுந்து போவது மரியாதையில்லையாம்.

டம்... டம்... டமடம டம்.

“கேட்டீங்களா? இத்தனை வருஷத்துல இது இப்படி வாசிச்சதே இல்ல. மனுஷன் கை பட்டா இந்தச் சுத்தம் வருமா?” என்று உருகினார் தலைவர்.

தாளம் விரைந்தது, தளர்ந்தது, கெஞ்சியது. நடுநடுவே இரும்பு ஈனமாக முனகியது. பொருளாளர் மூக்கை உறிஞ்சினார். இந்தச் சோகத்தை எந்தப் பாடகரும் தொட்டதில்லை என்று செயலாளரும் ஒப்புக்கொண்டார்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. எதிரே இருந்த தங்கள் வீட்டுக்குள் போய் மெக்கானிக்குக்கு ரகசியமாகப் போன் போட்டாள்.

மெக்கானிக் வந்து மொட்டை மாடி அறையில் எதையோ திருகினார். தாளம் நின்றது. லிஃப்ட் அசைந்து மேலே வந்தது. சபாவே எழுந்து நின்று கைதட்டியது. ‘இன்னொரு தடவை’ என்று பொருளாளர் கேட்டேவிட்டார்.

கதவு திறந்தது.

உள்ளே வியர்வையில் தொப்பலாக நனைந்து நின்றிருந்தார் விமர்சகர். நல்ல வார்த்தை சொல்ல, கத்திக் கத்தி ஓய்ந்த தொண்டையில் குரல் இல்லை. ஆனால் கதவைத் தட்டித் தட்டி வார் அறுந்த செருப்பு இன்னும் கையில்தான் இருந்தது.