கொல்லைச் சமையலறைக்கு ஒரு தாழ்ப்பாள்

"மேடை நூத்திப் பத்து சென்டிமீட்டர் உயரம் இருக்கணும்," என்றார் கல்ஃபான்.

வரைபடத்தில் ஓடிக்கொண்டிருந்த ரய்யாவின் பென்சில் நின்றது.

"எந்த மேடை மாமா?"

"சமையல் மேடைதான். கொல்லைச் சமையலறையில."

அரபு நாட்டுக் கடலோர ஊரான ஸூரில் பங்களா கட்டுகிற எவரும் இரண்டு சமையலறை கேட்பார்கள். வீட்டுக்குள்ளே ஒன்று, பளபளவென்று, வருகிறவர்கள் பார்க்க. கொல்லையில் ஒன்று, நிஜமாகவே சமைக்க. இன்ஜினியர் ரய்யாவுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அவள் திரும்பிப் பார்த்தது கல்ஃபானின் மனைவி மௌஸாவை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. அவ்வளவு குள்ளம்.

"எல்லா வீட்லயும் தொண்ணூறுதான் மாமா. நூத்திப் பத்துன்னா மாமிக்குத் தாடை இடிக்கும்!"

"இடிச்சா இடிக்கட்டும். நூத்திப் பத்து."

கடலோரக் காவல் படையில் முப்பது வருஷம் அதட்டிப் பழகிய குரல். ஆளும் அதற்கேற்ற ஆகிருதி. அலுவலகத்துக்குள் நுழையும்போதே வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, நிலையை முறைத்துவிட்டு வந்தவர்.

"தெருப் பக்கம் ஜன்னலே கூடாது," என்றார்.

"புழுங்குமே?"

"ஏசி போட்டுக்கலாம். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும். நல்ல கனமானதா. அப்புறம், மூலையில ஒரு கட்டில்."

"சமையலறையிலயா? கட்டிலா?"

"மெத்தையோட."

ரய்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி மனுஷா, கட்டினவளைப் படுக்கவும் எழுந்திருக்கவும் அடுப்படியிலேயே போட்டு வைக்கத் திட்டமா?

"மாமி, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எப்படி வேணும்?"

மௌஸா பேரீச்சங்கொட்டையைத் தட்டில் வைத்துவிட்டுச் சாதுவாகச் சொன்னாள். "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும் மகளே."

பாவம், வாயைத் திறக்கவே விடமாட்டார் போலிருக்கிறது. அதுவும் எப்பேர்ப்பட்ட கை! மௌஸாவின் ஆட்டிறைச்சிக் கபூலிச் சோற்றுக்கு ஊரே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிறது. அந்தக் கைக்கு இந்த மரியாதையா!

ரய்யா தனியாகத் தொழில் தொடங்கிக் கிடைத்த முதல் பங்களா இது. போனால் போகட்டும், ஒரு பெண்ணைச் சிறை வைக்க நான் படம் போட்டுத் தரமாட்டேன் என்று முடிவு கட்டினாள். மேடை தொண்ணூறு, இரண்டு பெரிய ஜன்னல், தாழ்ப்பாளும் கிடையாது, கட்டிலும் கிடையாது என்று வரைந்து எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மதியம் அவர்களுடைய பழைய வீட்டுக்கே போய்விட்டாள்.

கூடத்தில் கல்ஃபானின் தங்கைகள் மூன்று பேரும் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள்.

"அண்ணனா? படகைப் பார்க்கப் போயிட்டார்," என்றாள் மூத்தவள் ஷம்ஸா. "வெள்ளிக்கிழமை வந்தாத்தான் அவருக்குப் படகு ஞாபகமே வரும். எங்க மதினி பாவம், பின்னால தனியா வெந்துக்கிட்டிருக்கா. ஒத்தாசைக்குப் போனாலும் உள்ள விடமாட்டா. கைப்பக்குவம் கெட்டுடுமாம்."

ஓஹோ, ஐயா காற்று வாங்கப் போய்விட்டாரா! ரய்யா விறுவிறுவென்று கொல்லைக்கு நடந்தாள். கதவைத் தட்டக்கூட இல்லை. ஒரே தள்ளு.

உள்ளே அண்டாவில் கபூலி கமகமத்தது. அதன் முன்னால், பூப்போட்ட ஏப்ரன் கட்டிக்கொண்டு, தாழ்வான மேடைமேல் முதுகை வளைத்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார் கல்ஃபான். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். மூலையில் பாய். பாயில் மௌஸா மல்லாந்து படுத்து, செல்போனில் சீரியல் பார்த்துக்கொண்டு, முந்திரி மென்றுகொண்டிருந்தாள்.

"சாத்து! கதவைச் சாத்து மகளே!" என்று துள்ளினார் கல்ஃபான். "இதுக்குத்தான் தாழ்ப்பாள், தாழ்ப்பாள்னு அடிச்சுக்கிட்டேன்!"

ரய்யா கதவைச் சாத்தினாள். வாயைச் சாத்த முடியவில்லை. "மாமா... அந்தக் கபூலி... நீங்களா?"

"இருபத்திரண்டு வருஷமா."

"நான் வெந்நீர் வச்சாலே அடிப்பிடிக்கும் மகளே," என்றாள் மௌஸா, சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வெளிய சொன்னா ஊரே உங்களைத் தலையில தூக்கி வச்சுக்குமே மாமா!"

கல்ஃபான் கத்தியைக் கீழே வைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"கல்யாணமான புதுசுல இவ ஆக்கின சோத்தைத் தின்னுட்டு என் தங்கச்சிங்க மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாளுங்க. இவ ரெண்டு நாள் சாப்பிடல. அடுத்த வெள்ளிக்கிழமை நானே ஆக்கி, இவ ஆக்கினதுன்னு சொன்னேன். ஒருத்தி வாய் திறக்கல. இன்னிக்கு மதினி, மதினின்னு உசிரை விடறாளுங்க. அந்தப் பேரை நான் புடுங்கிக்கவா?"

ரய்யா கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். என்ன மனுஷர் இவர்! இவரைப் போய் என்னவெல்லாம் திட்டினோம்!

"மதினி, ஆச்சா?" கூடத்திலிருந்து ஷம்ஸாவின் குரல்.

மௌஸா துள்ளி எழுந்தாள். நெற்றியில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டாள். கன்னத்தில் மஞ்சளைத் தீற்றிக்கொண்டாள். கல்ஃபான் தாம்பாளத்தைக் கையில் கொடுக்க, "அப்பாடா, இடுப்பே ஒடிஞ்சு போச்சு!" என்று உரக்கச் சொல்லிப் புறப்பட்டவள், வாசலில் நின்று திரும்பினாள்.

"மகளே, கட்டில் பக்கத்துல ஒரு கண்ணாடியும் போட்டுடு. வேர்வை சரியா இருக்கான்னு பார்த்துக்கணும்."

ரய்யா படத்தை விரித்து, தொண்ணூறை அழித்து நூற்றுப் பத்து என்று எழுதினாள். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டாள்.