பாதிப் பெயர்

“யோவ் எர்வே, நீ மனுஷன்தானாய்யா? இன்னிக்கு அந்தப் பிள்ளை பேரை வாசிக்க மாட்டேன்னு சொன்னியாமே!”

அறிவிப்பாளர் அறையின் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்தாள் ரோஸ்லின். கையில் காகிதக் கூம்பு நிறைய உருளைக்கிழங்கு வறுவல், கழுத்தில் ஆர்மெல் கால்பந்து கிளப்பின் சிவப்பு கறுப்பு மஃப்ளர். தெற்குப் பார்வையாளர் மேடை ரசிகர்களுக்கு அவள்தான் தலைவி.

எர்வே கோத்ரோன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பத்தோரு வருடமாக இந்த மைதானத்தின் ஒலிபெருக்கியில் கேட்பது அவருடைய குரல்.

“சொன்னேன். காலையிலேயே கிளப் தலைவர்கிட்ட சொல்லிட்டேன்.”

“ஒரு வருஷமா வாசிச்சியே. இப்ப என்ன வந்துச்சு?”

“அலுத்துப்போச்சு ரோஸ்லின்.”

“அலுப்பா? எங்க தாத்தா சுரங்கத்துல நாப்பது வருஷம் கரி வெட்டினாரு. ஞாயித்துக்கிழமை வந்து இந்த கிளப்புக்காகக் கோல் காத்தாரு. அவருக்கு வராத அலுப்பு, நாற்காலியில உக்காந்து மைக் பிடிக்கிற உனக்கு வந்துருச்சாக்கும்?”

எர்வே சன்னல் வழியே கீழே பார்த்தார். இரண்டு அணிகளும் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தன. மேடைகள் நிரம்பத் தொடங்கியிருந்தன.

ஆட்டத்துக்கு முன் அணியை அறிவிக்கும்போது எண்ணையும் முதல் பெயரையும் மட்டும்தான் அவர் சொல்வார். குடும்பப்பெயரை மைதானம் முழங்கும். போன வருடம் மழைச் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கிச் செத்துப்போன இருபத்தோரு வயது ஆட்டக்காரன் குளோவிஸுக்கும் அதே மரியாதைதான். பதினொரு பேரையும் வாசித்து முடித்த பிறகு, “பதினேழு... குளோவிஸ்!” என்பார் எர்வே. “லெனுவார்!” என்று நாலாயிரம் தொண்டைகள் பதில் சொல்லும். கிழவர்கள்கூடத் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள்.

“ஐம்பத்தெட்டுல அரையிறுதிக்குப் போன அணியை, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரிசையா ஒப்பிப்ப” என்றாள் ரோஸ்லின். “அதுல பத்து பேர் செத்தாச்சு. அவங்க பேரெல்லாம் இனிக்குது, இந்தப் பிள்ளை பேரு மட்டும் கசக்குதா?”

“கசக்கலை.”

“பின்ன?”

“பாதிப் பேரைக் கூப்பிட்டுட்டு நிக்கிறது... இனிமே என்னால ஆகாது.”

“மீதியைச் சொல்லத்தான் நாங்க இருக்கமே. உனக்கென்ன வலிக்குது?”

ரோஸ்லின் வறுவலை நீட்டினாள். கோபத்திலும் யாருக்கும் கொடுக்காமல் தின்னத் தெரியாதவள். அவர் ஒன்றை எடுத்து, கடிக்காமல் விரலிலேயே வைத்திருந்தார்.

அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. “அப்பன் யாருன்னே தெரியாம வளந்த பிள்ளைய்யா அது. அவங்கம்மா எலேன் நம்ம அணிச் சட்டைங்களைத் துவைச்சுத் துவைச்சே ஆளாக்கினா. அப்பன் யாருடின்னு கேட்டா, ‘அவன் எனக்கு மட்டும் பிள்ளை, வாயை மூடு’ம்பா. போன வாரம் அவளும் போய்ச் சேந்துட்டா. இனி அந்த வீட்டுல அவன் பேரைச் சொல்ல ஒரு நாதி கிடையாது. நீயும் நிறுத்திட்டா?”

“தெரியும்.”

“என்னத்தைத் தெரியும்? அவன் அடக்கத்தன்னிக்குக் கல்லறைத் தோட்டத்து வாசல்லயே நின்னியே, கிட்ட வந்து ஒரு பிடி மண்ணு போட்டியா?”

“போடலை.”

“ஊரே பேசுச்சு. அவன் ஒவ்வொரு கோல் போட்டப்பவும் தொண்டை கிழியக் கத்தின ஆளு, குழிகிட்ட வரலையேன்னு. கல்லுய்யா நீ. உன் பெண்டாட்டி புண்ணியவதி, எப்படித்தான் உன்னோட குடித்தனம் பண்ணிட்டுப் போனாளோ!”

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. ஒரு வருடமாகச் சரியாகத் தூங்காத முகம்.

“கேட்டுக்கோ. இன்னிக்கு நீ வாசிக்கலைன்னா தெற்கு மேடை மொத்தமும் முதுகைத் திருப்பிக்கிட்டு நிக்கும். அடுத்த ஆட்டத்துல இந்த மைக் வேற ஆள் கையில இருக்கும்.”

“இருக்கட்டும். வேற ஆளு இன்னும் நல்லாக் கத்துவான்.”

“சீ” என்றாள் ரோஸ்லின். ஆனால் போகவில்லை, கதவில் சாய்ந்துகொண்டு கைகளைக் கட்டிக்கொண்டாள்.

நேரமாகிவிட்டது. எர்வே பட்டியலை எடுத்து வாசித்தார். கோல்காப்பாளரிலிருந்து இடது முன்கள ஆட்டக்காரர் வரை, அவர் பாதி சொல்ல, கூட்டம் பாதி முழங்கியது. பதினோராவது பெயரும் முடிந்தது.

காகிதத்தை மடித்தார். விரல் மைக்கை அணைக்கும் பொத்தானுக்குப் போனது.

மைதானம் காத்திருந்தது. பிறகு தெற்கு மேடையின் முதல் வரிசை மெதுவாக முதுகைத் திருப்பியது. அடுத்த வரிசையும் திரும்பியது.

எர்வே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“பதினேழு” என்றார். திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். “குளோவிஸ்...”

வாசலில் ரோஸ்லின் முழங்குவதற்கு மூச்சை இழுத்தாள். நாலாயிரம் பேர் வாயெடுப்பதற்குள் எர்வே முந்திக்கொண்டார்.

“...கோத்ரோன்” என்று முடித்தார், இருபத்திரண்டு வருடம் தன் மகனுக்குக் கொடுக்காமலே வைத்திருந்த குடும்பப்பெயரை.