கீழ்ப்பாதி

சாய்ந்தமருதில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜவாத், தரகர் ஸைனுலாப்தீன் கொண்டுவந்த சீடியைக் கணினியில் போட்டு, மகளுக்குப் பேசிய மாப்பிள்ளையின் படத்தைத் திறந்தார். மகள் ஸஹ்றா பக்கத்து மேசையில் ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"லெச்சணமான முகம். கண்ணுல பொய் இல்ல. எனக்குப் புடிச்சிட்டு," என்ற ஜவாத், தொழில் பழக்கத்தில் படத்தின் அளவையும் பார்த்தார். முகம் மாறியது.

"அகலம் 1536 பிக்சல் எண்டா உயரம் 2048 இரிக்கணும். இதுல 900தான் இரிக்கி. கீழ்ப்பாதிய வெட்டியிரிக்கி. என்னத்த மறைக்கிறீங்க?"

தரகர் தலைகுனிந்தார். "சுனாமில பொடியனுக்கு ஒரு கால் போயிட்டு. அல்லாஹ் மேல ஆணையா, படத்த நான் வெட்டல்ல."

"அப்ப ஆரு வெட்டின?"

"நான்தான் வாப்பா," என்றாள் ஸஹ்றா. "நீங்க கொழும்புக்குப் போன அண்டைக்கு அவர் இஞ்சதான் படமெடுக்க வந்தாரு. கால் தெரிய முழுசா எடுங்க, ஒண்டையும் மறைக்க வேணாம் எண்டுதான் சொன்னாரு."

"பின்ன ஏன், மகள், வெட்டின நீங்க?"

"முழுப் படத்தையும் பார்த்திருந்தா, நீங்க அந்தக் கண்ணப் பார்த்திருப்பீங்களா வாப்பா?"