எத்தனை விசில்

அணுகுண்டு செய்யத் தெரிந்தவர்களையெல்லாம் உலக நாடுகள் ஒரு தீவில் காவலில் வைத்திருந்தன. வேதவல்லியின் கணவனும் அங்கேதான் இருந்தான். வாரந்தோறும் அவளோடு பேசலாம். ஆனால் ரகசியம் கசியாமலிருக்க, பேச்சில் வரும் எண்களை இயந்திரம் அழித்துவிடும்.

"பருப்புக்கு எத்தனை விசில், வேதா? தெனமும் கருக்கித்தான் திங்கறேன்."

அவள் சொன்ன பதில் அழிந்துபோனது. சிரித்துக்கொண்டே குக்கரைப் போல நான்கு முறை சீறிக் காட்டினாள். இயந்திரம் அதை விட்டுவிட்டது. உடனே அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எப்ப வருவீங்க? எத்தனை மாசமோ அத்தனை விசில் குடுங்களேன்."

தயங்கிவிட்டு அவன் சீறத் தொடங்கினான். ஒரு கைக்குள் அடங்கிவிடும் என்று நம்பி அவள் விரல்விட்டு எண்ணினாள். இரண்டு கைகளும் தீர்ந்தன. அவன் இன்னும் நிறுத்தவில்லை.

"போதுங்க," என்றாள். "பருப்பு கொழைஞ்சிடும்."